படிவத்தில் மோருக்கு ஒரு கட்டம்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஆராய்ச்சி மாணவி. குரலில் மரியாதையும் இருந்தது, அவசரமும் இருந்தது. ஓட்டக்காரர்களைச் சோதிக்கும் படிவங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்களாம். அதில் 'தண்ணீர்' என்ற கட்டத்துக்கு அடுத்து 'கோல்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வங்காளத்தில் கோல் என்றால் மோர், காக்கு என்றால் சித்தப்பா.

"காக்கு, ஓடறப்போ யார் மோர் குடிப்பாங்க? வருஷக்கணக்கா எல்லாரும் அதுல பூஜ்யம்தான் போடறோம். எடுத்துடலாமா? ஏன் வச்சாங்கன்னு கேட்டா உங்களைத்தான் கேக்கணும்னு சொல்றாங்க" என்றாள்.

எடுக்காதே, காரணத்தை எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஒரு பக்கம் போதும் என்றாள். எழுபது தாண்டியவனிடம் ஒரு பக்கம் கேட்பது, கல்யாணச் சமையல்காரரிடம் அரை டம்ளர் ரசம் கேட்பது மாதிரி. அவருக்கு அந்த அளவுக்குப் பாத்திரமே இருக்காது.

என் அப்பா மாயவரம் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக வந்தவர். நான் இங்கேயே பிறந்தவன். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம், சம்பளம் வாங்கும் இடத்தில் இங்கிலீஷ். அறுபதுகளின் கடைசியில் அந்த ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கண்ணாடிக் குடுவைகள் கழுவினேன். அடுத்த வருடம் கழுவிய குடுவையில் அளந்து ஊற்ற விட்டார்கள். அதற்கடுத்த வருடம் தராசைத் தொட விட்டார்கள். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

தராசைத் தொட விட்டவர் டாக்டர் நந்தி, எங்களுக்கெல்லாம் மேடம். உடல் உழைப்பைப் பற்றி ஆராய்பவர். மனித உடம்பு எவ்வளவு ஓடும், எவ்வளவு தூக்கும், எவ்வளவு வியர்க்கும் என்பதுதான் அவர் வாழ்க்கை. பெயருக்கேற்றபடி தராசுக்கு எதிரில் ஒரு முக்காலி போட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். என் பெயர் சிதம்பரம் என்பதால் என் மனைவி ராஜாமணிக்கு இதில் தீராத சந்தோஷம். "உங்களுக்கு எதிர்ல நந்தி இருக்கறது ஆச்சரியமே இல்லை. குறுக்க உக்காராம பாத்துக்கங்க" என்பாள்.

மேடம் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. தப்பு கண்டால் ஒரே சொல்தான்: "ஆபார்." மறுபடியும் என்று அர்த்தம். ஒருமுறை 'சுமார்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தச் சொல்லின் மேல் மெல்லிசாக ஒரு கோடு போட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளி, "ஆபார்" என்றார். அன்று மத்தியானம் முழுக்க மறுபடியும் அளந்தேன். இன்னொரு கேள்வியும் அவரிடம் உண்டு. யார் எதைச் சொன்னாலும், "தேகேச்சோ, நா ஷுனேச்சோ?" என்பார். பார்த்தாயா, கேள்விப்பட்டாயா? வாசலில் மழை பெய்கிறது என்று சொன்னவனிடமும் அதே கேள்விதான். இவை போக ஒரு சட்டமும் வைத்திருந்தார். ஆய்வகத்தில் இருக்கும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. டீயைக்கூட வராந்தாவில் நின்றுதான் குடிக்கவேண்டும்.

ஒருவன் ஓடும்போது எவ்வளவு வியர்வை போகிறது என்று கண்டுபிடிக்க எங்களிடம் பெரிய யந்திரம் ஏதும் இல்லை. ஆள் ஏறி நிற்கும் தராசு ஒன்றுதான். ஓடப்போகிறவன் முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். பிறகு கோவணத்தோடு தராசில் ஏறி, மூச்சை விட்டு, அசையாமல் நிற்கவேண்டும். குண்டை நகர்த்தி, முள் நடுவில் நிற்கும்வரை பார்த்து, எடையை எழுதுவேன். ஓடி முடித்து வந்ததும் உலர்ந்த கம்சா துண்டால் தலைமுடி, அக்குள், கால்விரல் இடுக்கு என்று ஒரு பொட்டு ஈரம் விடாமல் துடைத்து, மறுபடி தராசில் ஏற்றுவேன். துடைக்காமல் ஏற்றினால் போன வியர்வையும் ஆளோடு சேர்ந்து நிற்கும். நடுவில் அவன் குடித்ததைக் கழித்துவிட்டால், குறைந்த எடைதான் போன வியர்வை. இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மருந்துக் கம்பெனி எங்களிடம் ஒரு பொடி கொண்டுவந்தது. புரதத்தை உடைத்தால் கிடைக்கும் அமினோ அமிலங்கள் கலந்த பொடி. நீண்டதூரம் ஓடுகிறவர்களுக்கு இதைக் கொடுத்தால் களைப்பு தள்ளிப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. மெய்தானா என்று நாங்கள் சொல்லவேண்டும். சோதனை வெற்றியானால் மூன்று வருட ஆராய்ச்சிக்கு அவர்கள் ஆதரவு. அப்படி நடந்தால் எனக்கு நிரந்தர வேலை. எட்டு வருடமாகத் தற்காலிகமாக இருந்தவன் நான். வருடா வருடம் வேலையை நீட்டிக்கும் ஏப்ரல் வந்தால் எனக்கும் ராஜாமணிக்கும் ஜுரம் வருவதும் வழக்கமாகியிருந்தது.

இரண்டு டின்கள் வந்தன. ஒன்றில் 'ஏ', இன்னொன்றில் 'பி' என்று ஒட்டியிருந்தது. ஒன்றில் நிஜப் பொடி, மற்றதில் சும்மா மாவு. எது எது என்ற குறிப்பு ஒட்டிய உறையில் மேடத்தின் அலமாரியில் இருந்தது. எங்கள் யாருக்கும் தெரியாது.

ஓடுவதற்கு எட்டுப் பேர் ரயில்வேயிலிருந்து வந்தார்கள். அவர்களுடைய கோச் தாஸ் பாபு. நல்ல மனிதர், தொண்டை மட்டும் வெண்கலம். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் வயிறு குலுங்கும், கால் கனக்கும், மனது இளகும். வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், அதுவும் அவர் பார்வையில். அந்தக் காலத்தில் எல்லா கோச்சுகளும் அப்படித்தான், அதனால் அவரைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. மேடமும் இந்த ஒரு விஷயத்தில் அவரோடு மோதாமல், பொடியைக் கரைக்க மட்டும் கொஞ்சம் தண்ணீர் என்று எழுதிவைத்தார்.

எட்டுப் பேரில் ஒருவன் ஏழுமலை. ஆற்காட்டுப் பக்கம். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் தற்காலிகக் கலாசி, கடைநிலைத் தொழிலாளி. ஓட்டத்தில் ரயில்வே அணிக்குத் தேர்வானால் அவனுக்கும் வேலை நிரந்தரம். தமிழ்ப் பேச்சு கேட்டதும் என்னிடம் ஒட்டிக்கொண்டான். இரண்டு தற்காலிகங்கள் சேர்ந்தால் பேச விஷயத்துக்கா பஞ்சம்?

டாக்குரியா ஏரியைச் சுற்றி ஓட்டம். தராசும் மேடமும் ஏரியின் இந்தப் பக்கம், ஒரு ஓட்டுக்கொட்டகையில். நான் எதிர்ப்பக்கம், ஒரு மரத்தடியில், டின்களோடும் எனாமல் மக்கோடும். மூன்றாம் சுற்றிலும் ஆறாம் சுற்றிலும் அவரவர் பொடியைக் கரைத்துக் கொடுப்பது என் வேலை. நாலு பேருக்கு ஏ, நாலு பேருக்கு பி. ஏழுமலை ஏ.

முதல் நாள் அவன் மூன்றாம் சுற்றில் வந்து வாங்கிக் குடித்தான். முகம் கோணிக்கொண்டது.

"இன்னாண்ணே இது, வேப்பெண்ணெய விட மோசமாக்கீது!"

அவன் போனதும் மேடத்தின் சட்டத்தை மீறி விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு காதுவரை ஏறியது. பி டின்னையும் தொட்டுப் பார்த்தேன். சப்பென்று அரிசி மாவு மாதிரி இருந்தது. பாவம், ஏ டின்காரர்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் வீட்டில் கஷாயம் கொடுத்தால் கையோடு வாய்க்கு இதமாக ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும். கசப்போடு ஒருவனை அனுப்புவது பாவம். மறுநாள் ராஜாமணியிடம் சொல்லி ஒரு தூக்கு நிறைய நீர்மோர் கொண்டுபோனேன். உப்பு, இஞ்சி, பெருங்காயம், லேக் மார்க்கெட்டில் வாங்கிய கறிவேப்பிலை எல்லாம் போட்டது. பொடி குடித்த கையோடு ஏ டின்காரர்கள் நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு மக். ஏழுமலைக்கு மட்டும் கொடுத்தால் ஓரவஞ்சனை இல்லையா? பி டின்காரர்களுக்குக் கசக்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை. தாஸ் பாபு எதிர்க்கரையில் கத்திக்கொண்டிருந்ததால் அவருக்கும் தெரியாது.

அப்புறம் ஓட்டம் நடந்த எல்லா நாளும் மோர் போயிற்று. "ஏங்க, ஆராய்ச்சின்னு சொல்லிட்டு ஏரிக்கரையில மோர்ப்பந்தல் வச்சிருக்கீங்களா?" என்று ராஜாமணி கேட்டாள். கேட்டாளே தவிர, கடைந்து கொடுக்கவும் செய்தாள்.

படிவத்தில் 'தண்ணீர்' என்ற கட்டம் இருந்தது. பொடி கரைத்த தண்ணீரை அளந்து, சுமார் என்ற பேச்சே இல்லாமல், நேர்மையாக எழுதினேன். மோரை எழுதவில்லை. மறைக்கவேண்டும் என்று நினைத்து அல்ல. சத்தியமாகச் சொல்கிறேன், அது எழுதவேண்டிய பொருள் என்றே எனக்குத் தோன்றவில்லை. மோர் எங்களுக்குச் சாப்பாடு. சாப்பாட்டின் கடைசிக் கவளம். வந்தவனுக்குக் கொடுக்கிற உபசாரம். யாராவது மோரைத் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பார்களா?

ஆறு வாரம் கழித்து மேடம் உறையைப் பிரித்தார். ஏ டின்தான் நிஜப் பொடி. ஏ டின்காரர்கள் பி டின்காரர்களைவிட அதிக நேரம் ஓடியிருந்தார்கள், குறைவாகக் களைத்திருந்தார்கள். இன்னொரு அதிசயமும் இருந்தது. ஓடி முடித்தபின் அவர்கள் எடை, மற்றவர்களைவிட ஆளுக்கு அரைக் கிலோ போலக் குறைவாகவே இறங்கியிருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தப் பொடி உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. கம்பெனிக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டு எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நான் அன்று மாலை கரியாஹாட்டில் இறங்கி ராஜாமணிக்கு ஒரு கைத்தறிப் புடவை வாங்கினேன். நிரந்தர வேலைக்காரன் வாங்குகிற புடவை.

அந்த சந்தோஷத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். ரயில்வே தேர்வு வருகிறது என்று ஏழுமலை சொல்லிக்கொண்டிருந்தான். மீந்த ஏ டின்னிலிருந்து ஒரு பொட்டலம் மடித்து அவனிடம் கொடுத்தேன். "இதுலதான்டா எல்லாம் இருக்கு. உடம்புல தண்ணிய அப்படியே புடிச்சு வச்சுக்குதாம்" என்றேன். மேடம் சொன்னதைத்தான் சொன்னேன். ஆனால் நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான்.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஏரியில் தாஸ் பாபுவின் பயிற்சி. வீட்டு வாசலில் இரண்டு ஓட்டக்காரர்கள் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். ஏழுமலை விழுந்துவிட்டான், பேச்சு குழறுகிறது, டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்கள்.

நான் போனபோது அவனை ஐஸ் வைத்து ஒத்திக்கொண்டிருந்தார்கள். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது, ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தாஸ் பாபு சுவரோரம் நின்றிருந்தார். ஐஸ் வாளியை அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். சாயங்காலம்தான் ஏழுமலை கண் திறந்து என்னை அடையாளம் கண்டான்.

"காலையில என்னடா சாப்பிட்ட?"

"நீ குடுத்த பொடிதாண்ணே. ரெண்டு பங்கு போட்டுக்கினேன்."

"தண்ணி?"

"ஒரு வாய்தான். அதான் தண்ணிய புடிச்சி வெச்சிக்கும்னு சொன்னியே, அப்பறம் இன்னாத்துக்கு?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான். "ஆனா அந்த மோரு இல்லாம முயுங்கவே முடியலண்ணே. மோரு இருந்திருந்தா இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடியிருப்பேன்."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். என் எனாமல் மக் கால் லிட்டர். மூன்றாம் சுற்றில் ஒன்று, ஆறாம் சுற்றில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் அரை லிட்டர். அதன் எடை அரைக் கிலோ. மேடம் கண்ணாடியைக் கழற்றிவைத்துச் சந்தோஷப்பட்டாரே, அதே அரைக் கிலோ. பொடி எதையும் பிடித்து வைக்கவில்லை. நான்தான் ஊற்றி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ராஜாமணியிடம் சொன்னேன். அறிக்கை தட்டச்சாகிவிட்டது, நாளை மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பப்போகிறார், நான் வாயை மூடிக்கொண்டால் நிரந்தரம், திறந்தால் எட்டு வருடம் தண்ணீரில் போகும் என்றேன். அவள் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொடியை நாளைக்குக் கடையில விப்பாங்கதானே?"

"விப்பாங்க."

"இவன மாதிரி எத்தனை பேரு வாங்கி முழுங்கிட்டு தண்ணி குடிக்காம ஓடுவாங்க? உங்களுக்கு இந்த வேலை போனா வேற வேலை கிடைக்கும். இவங்கம்மாவுக்கு வேற ஏழுமலை கிடைப்பானா? போய்ச் சொல்லிட்டு வாங்க."

திங்கட்கிழமை காலை மேடத்தின் அறைக்குப் போனேன். மேஜையில் உறை தயாராக இருந்தது, பேனா மூடி திறந்திருந்தது.

"மேடம், அறிக்கையை அனுப்பவேண்டாம். ஏ டின்காரங்களுக்கு நான் மோர் கொடுத்தேன்."

பழக்கதோஷம், அவர் அதே கேள்வியைத்தான் கேட்டார். "பார்த்தாயா, கேள்விப்பட்டாயா?"

"என் கையாலயே கொடுத்தேன் மேடம்."

"எவ்வளவு?"

"ஒரு தடவைக்கு ஒரு மக்."

"எந்த மக்?"

கொண்டுவந்து காட்டினேன். அதில் தண்ணீர் நிரப்பச் சொன்னார். எந்த மட்டம்வரை ஊற்றினாய், விளிம்புவரையா, ஒரு விரற்கடை கீழேயா என்று கேட்டார். விரல் கீழே என்றேன். அளவுக் குடுவையில் ஊற்றச் சொல்லி, குனிந்து கண்மட்டத்தில் பார்த்து, எழுதினார். இரண்டால் பெருக்கினார். அறிக்கையைத் திருப்பி அந்த எடைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. காகிதத்தாலேயே விசிறிக்கொண்டு கேட்டார்.

"ஏன் கொடுத்தாய்?"

"பொடி ரொம்பக் கசந்தது மேடம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? "நக்கிப் பார்த்தேன்."

மேடம் எழுந்தார். அலமாரியிலிருந்து இரண்டு டின்களையும் எடுத்தார். ஏ டின்னில் ஒரு ஸ்பூனை விட்டு, வாயில் போட்டுக்கொண்டார். எட்டு வருடமாக அசைந்து நான் பார்த்திராத அந்த முகம் ஏழுமலையின் முகம் போலவே கோணியது. தண்ணீர் குடித்துவிட்டு பி டின்னையும் வைத்துப் பார்த்தார்.

"குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். உறையில் பூட்டிவைத்த ரகசியம் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. வாயில் வைக்காதே என்று எல்லோரையும் தடுத்தவள் நான். முதல் தப்பு என்னுடையது" என்றார்.

நிம்மதியாக மூச்சுவிடப் போனவன், மீதியையும் சொல்லிவிடுவோம் என்று பொட்டலத்தைப் பற்றியும் ஏழுமலையைப் பற்றியும் சொன்னேன். அப்போதுதான் அவர் கோபத்தைப் பார்த்தேன். குரல் உயரவில்லை, ஸ்பூனை மேஜையில் ஓங்கி வைத்தார்.

"மோர் கொடுத்ததை மன்னிக்க ஒன்றுமில்லை. எழுதாததை மன்னிக்கிறேன். இன்னும் முடிந்திராத ஆராய்ச்சியை ஒரு மனிதன் கையில் மடித்துக் கொடுத்தாயே, அதை மன்னிக்க எனக்கு நாளாகும்."

நாளாயிற்று. மறுவருடம் துர்கா பூஜைக்கு என் குழந்தைக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தபோதுதான் மன்னித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கே அந்த அறிக்கையின் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு போட்டார். என்னைப் பார்த்தார்.

"எங்கள் பேச்சில் ஒருவனை ஏமாற்றி அலையவிட்டால், அவனுக்குக் கோல் குடிக்கக் கொடுத்துவிட்டான் என்போம். நீ நிஜமாகவே கொடுத்திருக்கிறாய்." பிறகு சொன்னார்: "ஆபார்."

அன்று மத்தியானமே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். கையில் இரண்டு இளநீர். ஏழுமலையின் கட்டிலருகே நின்று, எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு மெதுவாக, "அவனிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்" என்றார். நான் தமிழில் சொன்னேன். அவன் பதறி எழுந்து உட்காரப் பார்த்தான். "அம்மா போயி நம்மகிட்ட கேக்கறதாவது! படுத்துக்கினு இளநி குடிக்க சொல்றாங்க, இதுக்கு மேல இன்னா வோணும்?" என்றான்.

சோதனை மறுபடியும் தொடங்கியது. இந்தத் தடவை நாலு விதம்: பொடியும் மோரும், மாவும் மோரும், வெறும் பொடி, வெறும் மாவு. மோர் இல்லாத நாட்களில் மேடம் பக்கத்திலேயே நிற்பார், கால் தடுமாறினால் ஓட்டம் நிறுத்தப்படும். ஏழுமலையை மட்டும் டாக்டர் விடும்வரை ஓடவிடவில்லை.

அதற்கு முன் மோரை அளக்கவேண்டுமே! மேடம் ஒரு சின்னத் தராசைக் கூடையில் வைத்துக்கொண்டு டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ராஜாமணி முந்தானையால் துடைத்து நாற்காலி போட்டாள்.

"உப்பு எவ்வளவு போடுவாய்?" என்றார் மேடம்.

"கையால அள்ளிப் போடறதுதாங்க. அளவெல்லாம் தெரியாது."

"அள்ளு."

அள்ளினாள். மேடம் அதைக் காகிதத்தில் வாங்கி எடைபோட்டார். மறுபடி அள்ளச் சொன்னார். பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் முள் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நின்றது. மேடம் முள்ளையும் அவள் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சிதம்பர், ஆய்வகத்துத் தராசு ரிப்பேரானால் உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். அதை அவள் சாகும்வரை எல்லா விருந்தாளிகளிடமும் சொன்னாள்.

தாஸ் பாபு சும்மா இருக்கவில்லை. வயிறு குலுங்கும் என்றார். மேடம் பதில் பேசாமல் அவரையே தராசில் ஏற்றினார். பிறகு ஒரு சைக்கிளில் ஏறி, ஓடுகிறவர்களோடு கத்திக்கொண்டு போய்வரச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து வந்தவரை நான் துடைத்து ஏற்றினேன். ஒரு கிலோவுக்குமேல் இறங்கியிருந்தது. "நான் ஓடவே இல்லையே!" என்று மூன்று தடவை சொன்னார். பிறகு மக்கை எடுத்து, யாரையும் பார்க்காமல், இரண்டு மக் குடித்தார்.

முடிவு சுலபமாகத் தெரிந்துவிட்டது. எங்கள் ஓட்டக்காரர்களிடம் மோர் குடித்த நாளுக்கும் குடிக்காத நாளுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பொடிக்கும் மாவுக்கும் வித்தியாசம் காணவில்லை. கம்பெனிக்காரர் வந்து வராந்தாவில் டீ குடித்தார், டின்களை எடுத்துக்கொண்டு போனார். மூன்று வருட ஆதரவும் அவரோடு போயிற்று. என் நிரந்தரம் இன்னும் நாலு வருடம் தள்ளிப்போய், உலைக்களத் தொழிலாளிகளின் வியர்வையை அளக்கும் வேலையில்தான் கிடைத்தது. வருத்தமா என்று கேட்டால், இல்லை. அந்த நாலு ஏப்ரலிலும் ஜுரம் வந்தது உண்மை. ஆனால் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் வருகிற ஜுரம் ஏப்ரலோடு நின்றிருக்காது.

மேடம் படிவத்தைத் திருத்தி சைக்ளோஸ்டைல் நகல்கள் எடுத்தார். 'தண்ணீர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக 'கோல்' வந்தது. "எதை நாம் கேட்பதில்லையோ அதை யாரும் சொல்வதில்லை" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் புதுப் படிவத்தை முதலில் பிரித்தது ரயில்வே தேர்வு ஓட்டத்தன்றுதான். பூஜைக்கு முன், பாத்ர மாசப் புழுக்கம், நம் ஆவணிக் கடைசி. காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். ஓடுகிறவர்களை எடைபோட மேடம் அனுமதி வாங்கியிருந்தார். சாந்த்ராகாச்சியிலிருந்து புறப்பட்டுத் திரும்பி வரும் சாலை ஓட்டம். முதல் மூன்று பேருக்குத்தான் வேலை. திரும்பும் முனையில் நானும் தாஸ் பாபுவும் ஒரு வாளி மோரோடு நின்றோம். வேண்டியவர்கள் குடிக்கலாம் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

முதலில் மூன்று பேர் வந்தார்கள். வாளியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். நாலாவதாக ஏழுமலை. முன்னே போகிறவனுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு இருபது அடி. நின்று குடித்தால் இருபது நாற்பதாகும். குடிக்காமல் போனால் மே மாதம் ஞாபகம் வருகிறது. தாஸ் பாபுவால் தாங்க முடியவில்லை. அவருடைய பழைய புத்தி தொண்டைக்கு வந்துவிட்டது. "நிக்காதே! ஓடு!" என்று கத்தினார். கத்திக்கொண்டே மக்கை அவன் பக்கம் நீட்டினார்.

ஏழுமலை நின்றான். மக்கை இரண்டு கையாலும் வாங்கினான். அவசரப்படாமல், அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு மக்கைக் கவிழ்த்து எனக்குக் காட்டினான்.

"ஒரு மக்கு, விரல் கீழ. எயுதிக்கோண்ணே!"

சொல்லிவிட்டு ஓடினான். நான் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது, ஆனால் எழுதினேன்.

கடைசி மைலில் முன்னே போனவர்களில் ஒருவன் காலில் தசை பிடித்து உட்கார்ந்துவிட்டான். ஏழுமலை மூன்றாவதாக வந்தான். முப்பது வருடம் ரயில்வேயில் இருந்து, சூப்பர்வைசராக ஓய்வுபெற்றான். இப்போது வேலூரில் இருக்கிறான். பேரன் பேத்தி எடுத்துவிட்டான், இன்னும் காலையில் நடக்கிறான்.

ஆகவே அம்மா, நீ போனில் கேட்ட கட்டம் இதுதான். அதில் நான் முதலில் எழுதிய எண் அவனுடையது. அப்புறம் வந்தவர்களெல்லாம் பூஜ்யம் போட்டிருக்கலாம், நீயும் பூஜ்யம் போடலாம். ஆனால் பூஜ்யம் போடுவதற்கும் ஓடி வந்து நிற்கிறவனிடம் ஒரு தடவை கேட்கத்தானே வேண்டியிருக்கிறது? கட்டம் இருக்கட்டும்.